பானையில் காது வைத்தவள்

அவளுக்கு இடது காதுதான் நல்ல காது. வலது காது மந்தம். சின்ன வயதில் கோச்சடை வாய்க்காலில் குதித்து, காதில் தண்ணீர் புகுந்து சீழ் பிடித்ததாம். ஆனால் அந்த ஒற்றைக் காதால் அவள் கேட்டதை எங்கள் வளவில் இருந்த மற்ற ஆறு குடும்பமும் சேர்ந்தாலும் கேட்டிருக்க முடியாது.

பானைக்கு முன்னால் முழங்காலை மடித்து உட்காருவாள். காதில் தொங்கும் தண்டட்டி பானையில் இடித்துச் சத்தம் கிளப்பாதபடி அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். பிறகு பானையின் வயிற்றில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடுவாள். நாங்கள் மூச்சுவிடக் கூடாது. தெருவில் ஜட்கா வண்டி போனால்கூட நாங்கள்தான் அதை ஓட்டுகிறோம் என்பதுபோல எங்களை முறைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் பேசிக்கிட்டுத்தேன் கெடக்கு" என்று எழுந்து புடவையைத் தட்டிவிட்டுப் போவாள்.

பானையில் இருந்தது சுண்டக்கஞ்சி. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துத் திரித்துக் கூழாகக் காய்ச்ச வேண்டும். மீந்த சோறு இருந்தால் அதையும் பிசைந்து போடலாம். ஆறியதும் முந்தின பானையின் அடிமண்டியில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றி, வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்தால், அதுபாட்டுக்குப் பொங்கிப் புளித்துப் போதை ஏறும். துரைமார் பீர் என்று குடிக்கிறார்களே, அதன் ஏழைத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். எப்போது முடிந்தது என்று தெரிய வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தினால் வெறும் பாயசம், பிந்தினால் காடி. நடுவில் ஒரே ஒரு நாள்தான். அந்த நாளை அவள் காதால் கண்டுபிடிப்பாள்.

அதே காதால்தான் எங்கள் குடியையும் கெடுத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வந்தால், என்னைப் பெருந்தன்மைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மதுரையில் மில்லுக்குப் பின்னால் ஒரு வளவில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடு, ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவளுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் மதினி என்பார். அவளோடு இருந்தது அவள் தம்பி மட்டும்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனும் என் வீட்டுக்காரரும் ஒரே மில், ஒரே பகுதி. வாய்க்கு வாய் "மாப்ள, மாப்ள" என்று அலைவார்கள்.

அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன். போன புதிதில் கடுதாசி போட்டானாம். பிறகு நின்றுவிட்டது. ஒரு தீபாவளிக்குக் கடுதாசி இல்லை. அடுத்த தீபாவளிக்கும் இல்லை. மூன்றாவது தீபாவளிக்குத் தபால்காரர் வளவைத் தாண்டிப் போனதும், கொடியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்துத் துவைத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். "மூணு தீவாளி பாத்தாச்சு. அம்புட்டுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. திட்டக்கூட இல்லை. எனக்கு அப்போதே அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் முப்பது தீபாவளிக்கும் திட்டியிருப்பேன்.

எதிலும் அவள் இப்படித்தான். வளவில் இரண்டு வீட்டுக்குள் சண்டை வந்தால் எல்லோரும் விலக்கிவிட ஓடுவோம். அவள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். "இப்பப் போயி என்னத்துக்கு? நாளைக்கு மத்தியானம் அடங்கும்" என்பாள். மறுநாள் மத்தியானம் போய் நடுவில் உட்கார்ந்து ஏதோ சொல்வாள், இருவரும் அழுதுகொண்டே சேர்ந்துவிடுவார்கள். இழவு வீட்டுக்கும் அப்படித்தான் போவாள். முதல் ஆளாகப் போய் மாரடிக்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. அழுகை ஓய்ந்து, வீட்டுக்காரர்கள் சுவரில் சாய்ந்து கிடக்கிற நேரத்தில் கையில் ஏதாவது சோறு தண்ணீரோடு நுழைவாள். அதை அப்படியே கையேந்தி வாங்கித் தின்பார்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்ததும் மில்லில் ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் அதிகம். அதே சமயத்தில்தான் மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடினார்கள். மில் ஆட்களுக்குத் தொண்டை காய்ந்தது, எங்கள் வீட்டில் அடுப்பு காய்ந்தது. நான் பானை வைத்தேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், வேறு வழி இல்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். போலீஸ் கேஸ் ஆனவனை மில்லில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வளவில் குடியிருப்பதும் மில் தயவில்தான். வேலை போனால் வீடும் போகும். பானைத் துணியை அவிழ்க்கும் முன்னால் வாசலை இரண்டு தரம் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

கள்ளுக்கடையை மூடினதற்குத் தேங்காய் உடைத்தவள் வளவில் அவள் ஒருத்திதான். அவள் தம்பி பொல்லாத குடிகாரன். கடை மூடிய பிறகுதான் மனுஷனானான். அப்படிப்பட்டவள் என் பானைக்குக் காது கொடுக்க ஏன் வந்தாள்? என் முதல் பானை பாயசம், இரண்டாவது பானை காடி. இரண்டையும் சாக்கடையில் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு, வழக்கம்போல, வந்தாள்.

"எங்க அய்யா வீட்டுல காச்சுவாரு. எனக்குக் கேட்டுச் சொல்லத் தெரியும். ஆனா ஒரு பேச்சு."

"சொல்லுக்கா."

"எந் தம்பி வாயில ஒரு சொட்டுப் படக் கூடாது."

அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றைக்கு மனசாரத்தான் செய்தேன்.

அவள் கேட்டுச் சொல்கிற விதத்தை நானும் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். பானையில் காதை வைத்தால் எனக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் ஒருதரம், உச்சியில் ஒருதரம், பொழுது சாய ஒருதரம். மூன்று தரமும் ஒரே மாதிரி அமைதியாக இருந்தால் முடிந்தது. ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பானை சத்தமே இல்லாமல் கிடந்தது. என் வீட்டுக்காரர் துணியை அவிழ்க்கப் போனார்.

"மதினி, இதுல ஒரு சத்தமும் இல்ல. எறக்கிருவமா?"

"அவசரப்படாதீக. இது அடங்கல, குளுருக்கு ஒறங்குது. சாக்கச் சுத்தி அடுப்படியில வைங்க."

வைத்தோம். உச்சியில் துணி பலூன் மாதிரி உப்பி நின்றது. "ஒருதரம் சும்மா இருந்தா நம்பிரக் கூடாது புள்ள. மூணுதரம் பாக்கணும். மூணாவது தரமும் அதே கதைன்னா, பெறகு அது மாறாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒருமுறை மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வளவுக்குள் நுழைந்தார். யாரோ சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பானைத் துணியை அவிழ்த்து விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அன்றுதான் இரண்டாம் நாள். இனித்தது. எதிர் வீட்டிலிருந்து அவள் எழுந்து வந்தாள்.

"கேப்பக் கூழுங்கய்யா. இன்னுங் கொஞ்சம் வெல்லம் போட்டா நல்லாருக்கும். ஒரு தம்ளரு தரச் சொல்லட்டுமா?"

ஒரு போலீஸ்காரர் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளருக்குக் கையை நீட்டினார். முற்றத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து போனார். அவர் தெரு முனையைத் தாண்டியதும் அவள் என் தோளில் இடித்தாள். "பாவம்யா அந்த மனுசன். மூணு நாளு முந்தி வந்துட்டாரு." அன்று அவளை நான் கட்டிக்கொண்டேன். கூடப் பிறந்தவள்கூட இப்படி நிற்க மாட்டாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தம்பிக்காரன் ஒரு நாள் ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றான். "அக்கா, தொண்டையெல்லாம் பஞ்சு அடச்சுக் கெடக்குக்கா. ஒரே ஒரு தம்ளரு. எங்க அக்காவுக்குத் தெரியாது." மில் ஆட்கள் எல்லோரும் சொல்கிற சாக்குதான். கஞ்சி போனால் பஞ்சு இறங்கும் என்பார்கள். நான் முடியாது என்றேன். மறுநாளும் வந்தான். கண் கலங்கியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றியவன். கொடுக்காவிட்டால் கோபத்தில் வெளியே போய் உளறிவிடுவானோ என்ற பயமும் இருந்தது. ஒரு தம்ளர் கொடுத்தேன். ஒரு தம்ளர் எங்கே ஒன்றோடு நின்றிருக்கிறது? பிறகு அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, தம்ளரை எடுத்து வைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும் முன்னால் வந்து குடித்துவிட்டுப் போனான். பத்து மணிக்கு வளவே அலறியது. பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷினில் கையை விட்டுவிட்டான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அவள் நின்றிருந்தாள். அழவில்லை. தம்பியின் வாய் நாற்றத்தை மோந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும், "நீ குடுத்தியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

என்ன செய்வேன்? குடித்துவிட்டு மெஷினில் கை விட்டான், குடித்தது எங்கள் வீட்டில் என்று மில்லுக்குத் தெரிந்தால் அன்று மாலையே என் வீட்டுக்காரர் தெருவில் நிற்பார். இல்லை என்ற சொல் நான் நினைக்கும் முன்னாலேயே வந்துவிட்டது.

பத்து நாள் கழித்துக் குழாயடியில் கேட்டாள். குடம் நிறைந்துகொண்டிருந்தது. கோபமே இல்லாத குரல். "அன்னிக்குக் காலைல அவன் ஒங்க வீட்டுப் பக்கம் வந்தானா?"

"வரலக்கா. ஒங்க ஊரு அய்யனாரு மேல சத்தியமா வரல."

"சரி புள்ள" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அப்பாடா, அவள் மனசு ஆறிவிட்டது என்று நினைத்தேன். பானையில் காது வைத்தும் ஒன்றும் கேட்காதவள்தானே நான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பானை வைக்கவில்லை. பிறகு பசி வைக்கச் சொன்னது. நாலைந்து நாள் ஆனதும் கூச்சத்தோடு அவளிடம் போய் நின்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. காலையில் வந்து கேட்டாள். உச்சியில் வந்து கேட்டாள். பொழுது சாயும் முன்னால் மூன்றாவது தரம் வந்து, தண்டட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பானையில் காதை வைத்தாள். கண் மூடியிருந்தது. அப்படியே இருந்துகொண்டு கேட்டாள்.

"தம்பிக்கு நீ குடுக்கலதான?"

அந்த நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். அவள் பானையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"இல்லக்கா" என்றேன்.

தலையை நிமிர்த்தினாள். "பானை அடங்கிருச்சு. இன்னிக்கே எறக்கிரு. நாளைக்குன்னா காடி." செருப்பை மாட்டிக்கொண்டு, "கடை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று வெளியே போனாள்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதே இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை விரலை விட்டு நக்கவில்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பானை வாய்க்குள் இறக்கினார். கஞ்சி பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஆவியில் தீ அணைந்துவிடும். முடிந்துவிட்டால் அணையாது. குச்சி அவர் விரலைச் சுடுகிறவரை எரிந்தது.

"இந்தத் தடவ முந்தி வரலம்மா" என்றார் அவர். "காலைல, உச்சில, இப்ப. மூணு நேரமும் சரிபாத்து வந்த தகவல்."

எதிர் வீட்டைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த என் வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பானை என்னுதுங்க" என்று கையை நீட்டிவிட்டார். பானையை முற்றத்திலேயே போட்டு உடைத்தார்கள்.

அவரை மூன்று மாதம் உள்ளே போட்டார்கள். மில்லில் பெயரை அடித்துவிட்டார்கள். வளவைக் காலிசெய்யச் சொல்லி ஆள் வந்தது. பேரையூரில் என் மாமியார் வீடு ஒன்றுதான் போக்கிடம். அந்தக் கரிசலில் எனக்கு என்ன வேலை தெரியும்? நான்கு நாள் அழுதேன். அவளைப் பார்த்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்தேன். அவள் கண்ணில் படவே இல்லை. ஐந்தாம் நாள், சாமானை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டுச் சக்கரத்தில் சாய்ந்து நின்றேன். அழுவதற்குக் கண்ணில் தண்ணீர் இல்லை. அப்போது வந்தாள். கையில் வாழை இலையில் கட்டிய சோறு. இழவு வீட்டுக்கு வருகிற நேரத்துக்குத்தான் எனக்கும் வந்தாள்.

சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேக்கா. போலீசு வந்தப்ப கூழுன்னு சொல்லிக் காப்பாத்துன கையாலயே கழுத்த அறுத்துட்டியே. நீ நல்லாருப்பியா?" என்றேன்.

அவள் பொட்டலத்தை வண்டியில், சாமானுக்கு நடுவில், கவிழாமல் வைத்தாள்.

"மூணு வாட்டி ஒங்கிட்டக் கேட்டேன், புள்ள. ஆஸ்பத்திரில கேட்டேன். கொழாயடில கேட்டேன். பானைகிட்ட வச்சுக் கேட்டேன். மூணு வாட்டியும் ஒரே பதிலுதேன் சொன்ன."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் வளவுக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளை நான் பார்த்ததில்லை.

திருமங்கலம் தாண்டியதும் பசித்தது. தூக்கி எறிய வேண்டும் என்று அந்தப் பொட்டலத்தை இரண்டு தரம் கையில் எடுத்தேன். பிறகு பிரித்துத் தின்றேன். புளிச்சோறு. அவள் கைச் சோறு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் தப்புச் செய்தவள் நான்தான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அவன் விரலுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, சாமிகிட்டே போனாலும் முடியாது. ஆனால் ஆத்திரம் மட்டும் ஆறமாட்டேன் என்கிறது. பானைக்கு மூன்று தரம் போதும். நான் என்ன, பானையா? எட்டு வருஷம் எதிர் வீட்டில் இருந்தவள். என்னிடம் இன்னும் ஒரு தரம் கேட்டிருக்கலாம். அடுத்த தரம் கேட்டால் சொல்லிவிடுவது என்று அன்று சாயங்காலம், அவள் கடைக்குப் போகிறேன் என்று படியிறங்கினாளே, அப்போது நான் முடிவு செய்துதான் வைத்திருந்தேன்.